பதிமூணாவது கடை

சிரிக்காதீங்கடா. நீங்க மட்டும் யோக்கியமா? அடுத்தவன் பஸ் பாஸுல உங்க போட்டோவ ஒட்டிக்கினு போன கூட்டம்தானே! கம்முனு கேளுங்க.

தொண்ணூத்தொம்போதுல நடந்துச்சு. பத்தாவதோட படிப்புக்கு முழுக்குப் போட்டுட்டு, கோயில் வாசல்ல நின்னுக்கினு, வர்றவங்கள பட்டுப்புடவைக் கடைக்கு இட்டுக்கினு போவேன். கடை மயில்வாகனம் அண்ணனோடது. ரெண்டு தறி, ஒரு பீரோ. அவ்ளோதான் கடை.

அப்ப மெட்ராஸ் டூரிஸ்ட் கம்பெனி ஒண்ணு லிஸ்ட்டு போட்டுச்சு. அதுல இருக்கிற பன்னெண்டு கடைக்குத்தான் அவங்க கார் போவும். அண்ணன் கடை அதுல இல்ல. மூணு மாசமா ஒரு காரும் வரல.

"தீபாவளி வரைக்கும் பாக்கறேன்டா. அப்புறம் கடைய மூட வேண்டியதுதான்"னாரு.

நான் விடுவனா? ஒரு டிரைவர்கிட்ட லிஸ்ட்ட வாங்கி, மொத வரில அண்ணன் கடை பேர டைப் பண்ணி ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷனும் போட்டேன். அண்ணனுக்குத் தெரியாது.

மறுநாளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா சிக்கினாங்க.

"வாங்க மேடம்! லிஸ்ட்டுல நம்பர் ஒன் கடை. எல்லாமே அசல் சரிகை."

அட்டைய வாங்கி ரொம்ப நேரம் படிச்சாங்க. "ஓ... நம்பர் ஒன்னா? சரிப்பா, வா, பாக்கலாம்."

கடைல ஒரு மாம்பழக் கலர் புடவைய எடுத்தாங்க. "இது அசல் சரிகைதானே?"

நான் தலைய ஆட்டறதுக்குள்ள அண்ணன் நகத்தால பார்டர சுரண்டிட்டாரு.

"பாருங்கம்மா, உள்ள வெள்ளை நூல் தெரியுதா? கலப்பு சரிகை. அசல்னா செவப்பு நூல் இருக்கும். கட்டிக்க நல்லாத்தான் இருக்கும். அசல்னு நெனச்சி மட்டும் வாங்காதீங்க."

அவங்க புடவைய மடிச்சி வெச்சிட்டு, கடை அட்ரஸ் மட்டும் எழுதிக்கினு போயிட்டாங்க.

"இன்னாண்ணா நீ! வாய மூடிக்கினு இருந்தா வித்திருக்கும்ல?"

"வித்திருக்கும்டா"ன்னுட்டு தறில போய் உக்காந்துட்டாரு.

பத்து நாள் கழிச்சி கடை வாசல்ல ஒரு டூரிஸ்ட் கார். டிரைவர் புது லிஸ்ட்ட நீட்டினான். பதிமூணாவதா அண்ணன் கடை! கீழ கையெழுத்து, ஸௌம்யா, மேனேஜர்.

"கண்ணாடி போட்டிருப்பாங்களே, அவங்கதான் எங்க மேடம். லிஸ்ட்ட போடறதே அவங்கதான்"னான்.

அண்ணன் அந்த லிஸ்ட்டுக்கு ஃப்ரேம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. கடை இன்னும் ஜம்முனு ஓடுது. காலைல சாமிக்குச் சூடம் காட்டறப்போ அதுக்கும் சேத்துத்தான்.

அதுல கையெழுத்துக்குக் கீழ பேனாவால ஒரு வரி இருக்குது:

"டிரைவர்கள் கவனத்துக்கு: கோயில் வாசலில் லேமினேஷன் அட்டையோடு ஒரு பையன் வருவான். அவன் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்."

அந்தப் பையன் நான்தான்பா.