மாதிரி முகவரி

கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாக வணக்கம் சொல்லிப் பேசுவதற்கான மாதிரி நிரலைப் பாடநூலில் எழுதியபோது, பேராசிரியர் வில்வநாதன் வாய்க்கு வந்த ஓர் இணைய முகவரி எண்ணைப் போட்டார். அது விழுப்புரத்தில் எட்வினின் மனைவி ஃபிலோமினாவுடைய சுவாசக் கருவியின் முகவரி.

செய்முறை வகுப்பன்று மாநிலத்து மாணவர்கள் அத்தனை பேரும் அதை எழுத்துப் பிசகாமல் அடித்து ஓட்டுவார்கள். கருவி மரியாதை தெரிந்தது. சுவாசத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் சொல்லும். அதுவரை எட்வின் கையால் காற்றடிப்பார். இருபது நிமிடத்துக்கு மேல் கை தாங்காது.

நாளை செய்முறைத் தேர்வு, மூன்று மணி நேரம். எட்வின் பேராசிரியரின் அறைக்கே வந்துவிட்டார்.

“சார், அந்த எடத்தைக் காலியா விட்டு, அவங்கவங்க நம்பரைப் போடச் சொல்லுங்க.”

“காலியா விட்டா பசங்க காலியாவே ஓட்டுவாங்க. நீங்க மிஷினை மாத்துங்களேன்.”

“எட்டு மாசம் ஆகுமாம் சார்.”

“அப்ப வேற நம்பர் குடுங்க, சர்க்குலர் விடறேன். ஆனா அங்கேருந்து பதில் வரணும். வரலன்னா மார்க் கிடையாது.”

எட்வின் தெரிந்தவர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தார். யாருடைய எண்ணைக் கொடுத்தாலும் அவர்களுக்கு ஏதாவது ஒன்று நின்றுபோகும். கடைசியில் ஒரு எண்ணைச் சொன்னார்.

“இது யாரோடது?”

“என் கண்ணு சார், கருவி வச்சது. மூணு மணி நேரம் இருட்டா இருந்துட்டுப் போகுது. அவ மூச்சு விடறது காதுல விழுந்தா போதும்.”

“ஆறு மணி நேரம்,” என்று திருத்தினார் பேராசிரியர். “ரெண்டு பேட்ச்.”