வசுமதியின் போகிப் புத்தகம்

போகியன்று கழித்துப் போடுவதையெல்லாம் தின்றுவிட்டு, எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி பொங்கலன்று அவற்றுக்குக் கண்ணும் வாயும் வரைந்து, குழந்தைகளுக்கான சிரிப்புப் புத்தகமாகத் துப்பும்.

என் மனைவி வசுமதிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் எதுவும் பிடிக்காது. ஆனால் பொங்கல் சீர் வராவிட்டால் மானம் போய்விடும்.

இந்த வருடமும் கோவில்பட்டியிலிருந்து கரும்பும் சேலைத் தட்டுமாக வந்தார் அவள் அண்ணன் சுடலைமுத்து. அவர் மகள் செண்பகா புத்தகத்தை உருவி, விழுந்து விழுந்து சிரித்தபடி வாசித்தாள். அதில் ஒரு பச்சைச் சேலை கொட்டாவி விட்டது: "நான் வந்து ஒரு வருஷம் ஆச்சு. என்னைப் பிரிச்சாவது பார்த்தாளா?"

சிரிப்பு நின்றது. "அப்பா, இது போன வருஷம் நாம எடுத்த சேலைல்லா?"

"தெரியாம விழுந்துட்டுண்ணே," என்றாள் வசுமதி. சேலைக்குக் கால் முளைத்துவிட்டது போலும்! நானோ கரும்பைக் கட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றேன்.

சுடலைமுத்து தட்டிலிருந்த புதுச் சேலையை எடுத்தார். தானே தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே போட்டார்.

"ஒரு வருஷம் வச்சிருந்து தூக்கிப் போடுத சிரமம் ஒனக்கு எதுக்கு தாயி?"