விளம்பரம் வராத வீடு

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடணும். ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போட்ட சத்தத்தில் டி.வி. மெக்கானிக் வாசலிலேயே நின்றுவிட்டார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டோமோ என்று அவருக்குக் கவலை.

கடைக்காரர் சுட்டிக்காட்டியதோ டி.வி.யின் முதுகில் செருகியிருந்த, இன்டர்நெட்டில் படம் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை. மெக்கானிக் நிம்மதியாகப் பையைக் கீழே வைத்தார்.

கடைக்காரரின் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண்ணுக்குப் பவர் பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவியோடு உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பார். பதினோரு வருஷப் பழக்கம் அது. இந்த ஸ்டிக்கோ படம் தொடங்குமுன் மூன்று விளம்பரம் காட்டியது, நடுவில் ஐந்து காட்டியது. தண்ணீர் குடிக்கப் படத்தை நிறுத்தினால் அதற்கும் தனியாக ஒன்று போட்டது.

இரண்டு மாதமாக, முதல் விளம்பரம் வந்ததுமே மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். படம் முடிகிறவரை திரும்புவதில்லை. சோபாவில் இவர் மட்டும் தனிக்காட்டு ராஜாவாக உட்கார்ந்திருக்கிறார்.

"விளம்பரம் மட்டும் ஒழிஞ்சா போதும். அவ பழையபடி பக்கத்துல வந்து உக்காருவா," என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

தானே சரிசெய்யப் பார்த்தாராம். செட்டிங்ஸில் கை வைத்ததில் மெனு முழுக்க ஏதோ புரியாத பாஷைக்கு மாறியதுதான் மிச்சம். விளம்பரம் மட்டும் அசையவில்லை.

மெக்கானிக் வழிகளைச் சொன்னார். மொட்டைமாடி ஆன்டெனாவிலும் விளம்பரம் உண்டு. டி.வி.டி. பிளேயருக்கு வட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய லேப்டாப் இருந்தால் அதை டி.வி.யோடு கேபிளில் இணைத்து, படங்களை ஹார்ட் டிஸ்கில் போட்டுப் பார்க்கலாம், ஒரு விளம்பரம் எட்டிப்பார்க்காது என்றார். கடைக்காரர் ஓடிப்போய்க் கடையில் தூசி படிந்து கிடந்த லேப்டாப்பைத் தூக்கிவந்தார்.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். உங்களிடம் ஒரு விஷயம் பேசவேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தாள். முதலில் இந்தச் சனியன் ஒழியட்டும், அப்புறம் பேசலாம் என்று கையை ஆட்டிவிட்டார் அவர். அவள் காலி தட்டோடு திரும்பிப் போனாள்.

லேப்டாப் தயாராகும்வரை புலம்பல் தொடர்ந்தது. முன்பெல்லாம் சோப்பு, கார் என்று ஏதோ வந்துகொண்டிருந்தது. இப்போது வருவதைப் பார்த்தால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு ஆளுக்குக் குக்கராம். ஒத்தைக் கட்டிலாம். ஒரு ரூம் வாடகை வீடாம், சாமான் ஏத்த வேனாம். சொந்த வீட்டுல குடும்பம் நடத்துறவனுக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"அது தானா எதையும் காட்டாதுங்க," என்றார் மெக்கானிக். "ஒரே வைஃபையில யார் போன்ல எதைத் தேடுறாங்களோ, அதைத்தான் டி.வி.யிலயும் காட்டும்."

கடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டார். தன் போனில் கண்ணாடி பிரேமைத் தவிர எதையும் தேடியதில்லை. மாடியில் தனியாகக் குடியிருக்கும் பேங்க்காரன்தான் ஓசியில் இவர் வைஃபையை உறிஞ்சுகிறான், சந்தேகமே இல்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நமக்கேன் வம்பு என்று மாற்றிக்கொடுத்தார்.

ஸ்டிக் பிடுங்கப்பட்டது. கேபிள் ஏறியது. படம் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று தங்குதடையில்லாமல் ஓடியது. கடைக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, சோபாவில் தலையணையைத் தட்டிச் சரிசெய்து, படத்தை முதலிலிருந்து வைத்தார்.

"இங்க வாயேன். இனிமே ஒரு விளம்பரம் வராது. நீ எழுந்து போகவே வேண்டாம்."

அவள் வந்தாள். உட்காரவில்லை. சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தேடினது நான்தாங்க. எனக்கு வீடு கிடைச்சிடுச்சு."