கூரைக் கோழியின் விதி

கொண்டைக்காரிக் கோழிக்கு மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைமேல்தான் முட்டையிடப் பிடிக்கும். சரிவில் இட்ட முட்டை உருண்டு வந்து தரையில் விழுந்து உடையும். "எல்லாம் என் விதி!" என்று கோழி ஒரு பாட்டம் அழுது தீர்க்கும்.

கீழே குடியிருந்த வாத்துக்கு மனசு கேட்கவில்லை. "கீழே வந்து இடேன்க்கா" என்று கெஞ்சிப் பார்த்தது.

"மேலதான்டி காத்தோட்டமா இருக்கு" என்றது கோழி.

வாத்து தன் கூட்டு வைக்கோலில் பாதியை இழுத்து வந்து கூரைக்கு நேர்கீழே பரப்பியது. மறுநாள் முட்டை பொத்தென்று அதில் விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"பார்த்தியாடி, எப்படிக் குறி வெச்சேன்!" என்று கோழி கழுத்தை நிமிர்த்தியது.

அதற்கடுத்த நாள் வாத்து வைக்கோலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது முட்டை அதன் மண்டையிலேயே விழுந்து உடைந்தது. கோழி எட்டிப் பார்த்து, "அடடா, நேரம் பார்த்து அங்கே வந்து நின்னியே! உன் விதி!" என்று உச்சுக் கொட்டியது.

வாத்து கண்ணில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டது. "ஆமாக்கா. இந்த வைக்கோலுக்கும் இன்னிக்கு வீடு திரும்பணும்னு விதி" என்று சொல்லிவிட்டு, அதை அலகால் கவ்வி இழுத்துக்கொண்டு கிளம்பியது.

"அடியே, விதியாவது மண்ணாவது! நீதான்டி இழுக்கிறே!" என்று கோழி கூரைமேலிருந்து கத்தியது.