ஒரு கை கால்சைட்

பாரிமுனையில் கல் பார்க்கிறவரிடம் காட்டினேன். நூற்றைம்பது ரூபாய் என்றார். அதுவும் எனக்காகத்தானாம்.

அகல்யாவிடம் இந்த விலையெல்லாம் எடுபடாது. தண்ணீர் உறைந்ததுபோல் இருக்கும் அந்தக் கால்சைட் கல், கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் இருந்தது. பூந்தமல்லி வீட்டுக்கு வந்ததும் டி.வி. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தினமும் துடைப்பாள். எங்கள் கல்யாண போட்டோவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்.

கொடுத்தவன் தேவராஜ். கல்லூரியில் அவளோடு ஜியாலஜி படித்தவன். “சும்மா ஃபிரண்டு” என்பாள்.

அந்த ஞாயிறு மதியம் பட்டாபிராமிலிருந்து அவன் சாப்பிட வருவதாக இருந்தது. தன் கல் என் வீட்டில் கொலுவிருப்பதை அவன் பார்க்கக் கூடாது.

அவள் சமையலறையில் இருந்தாள். கல்லை டவலில் சுற்றி, பால்கனியில் வைத்து, சுத்தியலால் ஒரே போடு.

நான் கிரானைட் வியாபாரி. கிரானைட் கரடுமுரடாக, அதன் இஷ்டத்துக்கு உடையும். கண்ணாடியோ சிப்பிபோல் வளைந்து சில்லுசில்லாகத் தெறிக்கும். இதுவும் அப்படி நொறுங்கினால் பெருக்கித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

டவலைப் பிரித்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்த குட்டிப் பெட்டிகள். பெரிய கல்லின் அதே வடிவம், அதே வழவழப்பு.

இன்னொரு போடு போட்டேன். இன்னும் குட்டியாக, இன்னும் நிறைய.

ஒரு தேவராஜையே சகிக்க முடியாதவன், இப்போது ஒரு கை நிறைய தேவராஜ்களோடு உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு அகல்யா வந்தாள். கை தவறி விழுந்துவிட்டது என்றேன், சுத்தியலைக் கீழே வைக்க மறந்து. அவள் எல்லாவற்றையும் பொறுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, பழைய இடத்திலேயே வைத்தாள். முன்பைவிட மினுங்கித் தொலைத்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் தேவராஜின் கண் அங்கேதான் போனது.

“எவ்ளோ அடிச்சாலும் இது இப்டித்தான் சார் உடையும். காலேஜ் டூர்ல ஒரு பெரிய கட்டிய உடைச்சு, கிளாஸ் பொண்ணுங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு குட்த்தேன். யார்கிட்டயும் காட்டாதன்னு ஒவ்வொருத்திகிட்டயும் தனியா வேற சொல்லிவெச்சேன்.”

அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. என் கையாலேயே இன்னொரு அப்பளம் வைத்தேன்.

அகல்யாவின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது.

“சித்ராவுக்குமா?” என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவள் மறுபடி கிண்ணத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

இதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.