வாசல் மரத்துக் கொடி

தாவர ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் காரை நிறுத்திவிட்டு, வாசல் மரத்தடியிலேயே நின்று எல்லோரையும் கூப்பிட்டார்.

"மேல பாருங்கய்யா! மரத்தைத் தொத்திக்கிட்டு ஏறியிருக்கே, அந்தக் கொடி. முறம் மாதிரி இலை, இலை முழுக்க ஓட்டை, பூவும் விட்டிருக்கு. ஒரு வாரமா எல்லா நூலையும் புரட்டிட்டேன். இது புது இனம்! நம்ம வாசல்லயே!"

"சார் பேரையே வச்சிடலாம்!" என்றார் மேலாளர். எல்லோரும் கைதட்டினார்கள், ஆய்வாளர் ஒருத்தியைத் தவிர.

"என்னம்மா, வயித்தெரிச்சலா?" என்று சிரித்தார் இயக்குநர். "நீயும்தான் ஒரு தொட்டிச் செடியை வச்சுக்கிட்டு, புது இனம்னு என் உயிரை வாங்கினே. நாணயம் அளவு இலை, பூவே கிடையாது. தூக்கிப் போடச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு சார். இது புது இனம்தான்னு நிச்சயமா?"

"எந்தச் சபையிலயும் அடிச்சுச் சொல்வேன்!"

அவள் குனிந்து, மரத்தடிப் புதரை விலக்கினாள். அதே கொடியின் அடித்தண்டில், நாணயம் அளவு இலைகள் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடந்தன. தண்டு, ஆராய்ச்சிக்கூடத்தின் முத்திரை போட்ட ஓர் உடைந்த தொட்டியிலிருந்து புறப்பட்டிருந்தது.

"ஏறப் பிடிமானம் கிடைச்சாதான் சார் இது பெரிய இலை விடும், பூக்கும். நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்க. நான் இங்க கொண்டுவந்து போட்டேன்."

இயக்குநர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரே கைதட்ட ஆரம்பித்தார்.

"சரிம்மா, நீயே ஜெயிச்சே! பேர் என்ன வைக்கப்போறே?"

"அப்பவே வச்சாச்சு சார். இதைப் பத்தி நான் எழுதின கட்டுரையில நீங்க சிவப்பு மையால அடிச்சீங்களே, அந்த முதல் வரியில இருக்கு."