காற்றுக்கு ஆடாதது

வெள்ளிக்கிழமை, மூன்று மணி பத்து நிமிடம். நெக்கதம் துணியில் சுற்றிய கேமராவை மேசைமேல் வைத்தார். மேசை முனகியது.

"எத்தனை கிலோண்ணே இது?" என்றாள் தவ்லத்மோ. ஆற்றோர எல்லை ஊரான இஷ்காஷிமில் பாஸ்போர்ட் படமும் கல்யாண வீடியோவும் எடுக்கிற ஸ்டுடியோ அவளுடையது.

"லென்ஸோட சேத்து அஞ்சு. இதைத் தாங்குற ஸ்டாண்டு வேணும். நாலு மணிக்கு நான் ஆத்தங்கரையில இருக்கணும்."

"பனிச்சிறுத்தையா? உங்ககிட்ட மணி சொல்லிட்டா வருது?"

அவர் சிரிக்கவில்லை. சிறுத்தையைப் படம் பிடிக்க வந்த வெளிநாட்டுக்காரனுக்கு இரண்டு குளிர்காலம் வழி காட்டியவர் அவர். ஊர் திரும்பும்போது அந்த ஆள் கேமராவையும் லென்ஸையும் அவரிடமே விட்டுப் போனான்.

தவ்லத்மோ ஒரு ட்ரைபாடை விரித்துக் கேமராவை ஏற்றினாள். லென்ஸ் மெல்ல மூக்கைத் தரைப்பக்கம் கவிழ்த்தது.

"இது போன் வைக்கத்தான் லாயக்கு" என்று அடுத்ததை எடுத்தாள். அது கனமானது. கேமரா நின்றது. அவள் அதன் காலில் விரலால் சுண்டினாள். "காதை வைங்க."

உலோகம் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"இது அடங்குற வரைக்கும் படமும் ஆடும். மூணு மணிக்கு மேல நம்ம ஊர்க் காத்துல இது அடங்கவே அடங்காது. காத்தில்லாத நாளாப் பாத்துப் போங்களேன்."

"காத்தில்லாத நாள்ல அவ கையே ஆட்ட மாட்டா. போன மாசம்கூட ஒரு நாள் சும்மாவே நின்னா. என்ன கோபமோ."

தவ்லத்மோ நிமிர்ந்தாள். "யாரு?"

"நிசோர்மோ. என் தங்கச்சி. அக்கரையில கட்டிக் கொடுத்தோமே."

அக்கரை வேறு நாடு. இரு கரைக்காரர்களும் சந்திக்கிற பாலத்துச் சந்தை மூடி ஆறு வருடம் ஆகிறது. கடைசிச் சந்தையன்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு மல்பெரி மரத்தடியில் நிற்பாள். அவர் இக்கரையில் நிற்பார். அந்த இடத்தில் ஆறு அகலம், கூப்பிட்டால் கேட்காது.

"போன் பண்ண மாட்டாங்களா?"

"ரெண்டு வருஷமா அந்த நம்பர் கிடைக்கல. ஆனா வெள்ளிக்கிழமை தவறினதில்ல. நான் போறதுக்கு முன்னாடியே வந்து நிப்பா. நான் கிளம்புறப்பவும் நிப்பா. மத்த நாள்ல அந்த வழியாப் போனா மரத்தடி காலியா இருக்கும்."

அவர் லென்ஸைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"இதைக் கையில பிடிச்சா சிவப்பா ஒரு பொட்டு துள்ளுது. மெலிஞ்சாளா, நரைச்சாளா, ஒண்ணும் தெரியல. ஒரு தடவை முகத்தைப் பாக்கணும்."

தவ்லத்மோ அவருடைய முகத்தைப் பார்த்தாள். தாடையில் புதிதாக ஒரு வெட்டு.

"சவரமெல்லாம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. அவங்ககிட்ட லென்ஸ் இல்லையேண்ணே."

"இல்லதான். இருந்தாலும்."

தனியாளான நெக்கதமின் வீட்டில் கழுவிக் கவிழ்க்கிற தேநீர்க் கிண்ணம் ஒன்றுதான் என்பது ஊருக்கே தெரியும். அவள் உள்ளே போய்த் கல்யாண வீடியோவுக்கு வைத்திருக்கும் ட்ரைபாடைத் தூக்கி வந்தாள். தடித்த மரக் கால்கள், இரும்பு முனைகள். ரோடு அளப்பவர்கள் கழித்துக் கட்டியது.

"மரமா? இதுக்கு என் கட்டிலே தேவலை."

"கட்டிலை முதுகுல கட்டிட்டுப் போவீங்களா? சுண்டிப் பாருங்க."

சுண்டினார். 'டொக்' என்றது. அதோடு சரி.

"இது விக்கிறதுக்கில்ல. நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்கு. நானும் வர்றேன், பாத்து முடிச்சதும் எடுத்துட்டு வந்துடறேன்."

ஆற்றங்கரையில் காற்று மணலை வாரிக்கொண்டிருந்தது. ரோந்துச் சிப்பாய் நெக்கதமைக் கண்டதும் வழக்கம்போல முதுகைத் திருப்பி நின்றான்.

தவ்லத்மோ இரும்பு முனைகளைச் சரளையில் மிதித்து இறக்கினாள். கால்களை அகட்டி வைத்தாள். தூக்குக்குண்டு மாட்டுகிற கொக்கியில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டாள்.

நெக்கதம் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அக்கரையில் சிவப்புப் பொட்டு கையாட்டியது.

"பாத்தியா, வந்துட்டா" என்று குனிந்து கண்ணை வைத்தார்.

"ஆடுதாண்ணே?"

"இல்ல."

அதன்பிறகு அவர் நிமிரவில்லை. அழுகிறார் என்று நினைத்து அவள் ஆற்றைப் பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு தொப்பி காலடியில் கிடப்பதைக் கண்டாள்.

"என்னண்ணே?"

அவர் விலகி இடம் விட்டார்.

மரம் கிளை கிளையாகத் தெரிந்தது. அதனடியில் ஒரு கம்பு ஊன்றியிருந்தது. குறுக்குக் கம்பில் கை கோத்த சிவப்பு அங்கி, துவைத்து, மடிப்புத் தடம்கூடப் போகாமல். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அங்கியின் ஒரு கை நுனி காற்றில் எழுந்து எழுந்து தாழ்ந்தது.

தவ்லத்மோ ஏற்கெனவே இறுகியிருந்த திருகை மீண்டும் இறுக்கினாள்.

"தவ்லத்மோ" என்றார் நெக்கதம். "வாரம் தவறாம இதைக் கொண்டாந்து நட்டு வைக்கிறது யாரு?"